காலி வீதி போகிற இடத்துக்குத்தான் காசும் போனது

ஹெவ்லொக் டவுனிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் நடந்தால் இருபது நிமிடத்தில் காலி வீதி வந்துவிடும். அதில் இடது பக்கம் திரும்பித் தெற்கே 90 கிலோமீற்றர் அளவில் போனால் பெரலிய. 2004 டிசம்பர் 26, போயா ஞாயிறன்று கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் போன ரயிலைக் கடல் புரட்டிப்போட்ட ஊர். அங்கே மட்டும் 1,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்களுக்கு வந்த ஒரு மின்னஞ்சல். இலண்டனில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இங்கே வந்து, வெள்ளம் பாதித்த ஊர்களினூடாக ஐந்து நாள் சைக்கிள் ஓடி நிதி சேர்க்கப் போகிறார்களாம். ஒரு நாளைக்கு ஏதாவது முகாமில் சனத்தோடு "நேரம் செலவழிக்க" ஒழுங்கு செய்து தரமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. அதனால்தான் பதில் எழுதக் கஷ்டமாக இருந்தது. சுனாமிக் காலத்தைத் திரும்பப் பார்த்தோம்.

சுனாமிக்கு உலகம் கொடுத்தது ஏறக்குறைய 13.5 பில்லியன் டொலர். சர்வதேச உதவி நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய மதிப்பீடு 2006இல் ஒரு கணக்குச் சொன்னது: சுனாமியால் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டொலருக்கு மேல், அதே 2004இல் பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 3 டொலர். துன்பத்தின் அளவை வைத்து இந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்த ஏலாது. சுனாமிக் கரைகளில் நத்தார் விடுமுறைக்கு வந்த ஐரோப்பியர்கள் இருந்தார்கள், அவர்கள் கையில் கமெராவும் இருந்தது. பங்களாதேஷில் வெள்ளம் ஏறிய வயலுக்கு யார் விடுமுறைக்குப் போகிறார்கள்?

நாட்டுக்குள்ளேயும் இதே கதைதான். இறந்தவர்கள் அதிகம் அம்பாறை மாவட்டத்தில், 10,000க்கும் மேல். கல்முனை, மருதமுனை, காரைதீவு என்று கரை முழுக்கச் சாவு. ஆனால் கொழும்பில் இறங்கி வாகனம் பிடித்தவருக்கு வசதி காலி வீதிதான்: காலையில் போய்ப் பார்த்துவிட்டு இரவு ஹொட்டேலுக்குத் திரும்பலாம். முல்லைத்தீவுக்குப் போக நினைத்தாலும் எல்லாராலும் முடியவில்லை. 2005 ஜனவரியில் வந்த ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனானையே புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போக அரசு விடவில்லை. உதவியைப் பகிர அரசும் புலிகளும் ஜூனில் செய்த உடன்பாட்டின் முக்கியமான பகுதிகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் அரசியல்தான் தீர்மானித்தது, பார்த்த இடத்துக்குத்தான் மனமும் காசும் இளகின.

படகுகளின் கதையையும் சொல்லவேணும். கொடுக்கிறவருக்குப் படகு நல்ல பொருள். பெயர் எழுதலாம், பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம், அன்றைக்கே கையளித்துவிட்டு விமானம் ஏறலாம். ஆகவே சின்னப் படகுகள் தேவைக்கு அதிகமாக வந்து குவிந்தன. அவற்றில் சில கடலுக்கு இறக்கவே தகுதியில்லாதவை. வீடு அப்படியில்லை. காணிக்கு உறுதி வேணும், கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்று போட்ட தடைவலயத்தோடு மல்லுக்கட்ட வேணும். ஒரு வாரம் நிற்க வந்தவரால் அது நடக்காது.

நாங்களும் இதில் சுத்தமானவர்கள் இல்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தவில் மண்சரிந்தபோது எங்களில் சிலர் லொறி பிடித்துக் கொஸ்லந்தைக்குப் போனோம். முகாமாக இருந்த பாடசாலையில் ஒரு அம்மா, வீடு இருந்த இடத்தைக் கையால் காட்டிக் காட்டிக் கதை சொன்னார். இடையில் எங்களில் ஒருவர் போனைத் தூக்கியதும் பேச்சை நிறுத்தி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து சொன்னார். அன்றைக்குக் காலையிலிருந்து எத்தனை பேருக்கு அப்படிச் சொன்னாரோ. பிறகு தேத்தண்ணி தந்தார்கள், நாங்கள் கொண்டுபோன சீனியில். நாங்களும் குடித்துவிட்டு வந்தோம்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். பெற்றோரை இழந்த பிள்ளை என்றால் வருகிறவர்கள் தூக்கிக் கொஞ்சுவார்கள், கூட்டிக்கொண்டு போகவும் கேட்பார்கள். 2005இல் சுனாமியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை இலங்கை நிறுத்தியதும், 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளம் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தியதும் வெறும் சந்தேகத்தால் இல்லை. குழப்பத்தில் பிள்ளைகளைக் கடத்துகிறவர்களும் அந்த அன்புக்குள்ளால்தான் நுழைகிறார்கள்.

இவ்வளவையும் எழுதி, "சைக்கிளை இலண்டனிலேயே ஓடுங்கோ, டிக்கெட் காசையும் சேர்த்து அனுப்புங்கோ" என்று பதில் போட்டோம். அடுத்த நாளே ஒருவர் தொலைபேசியில் எடுத்தார். "இங்க ஓடினா ஒருத்தரும் காசு தரமாட்டினம் அண்ணா. அங்க வாறதுக்குத்தான் தருவினம்" என்றார்.

அது உண்மை. அந்த 7,100 டொலர் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. இரண்டு கிழமை இழுபட்டு ஒரு இடத்துக்கு வந்திருக்கிறோம். விமானச் செலவும் தங்குமிடமும் அவர்களுடைய சொந்தக் காசு. சேர்கிற காசை எதற்குச் செலவழிப்பது என்று அந்த ஊர்ச் சங்கங்கள் எழுதித் தரும், வடிகால் என்று எழுதினால் வடிகால்தான். முகாமுக்குள் போவதில்லை, பிள்ளைகளின் படம் இல்லை. இந்த வருடம் வருவதும் இல்லை. வீடு கட்டி முடியாமல், கமெராக்களும் போய்விட்டிருக்கிற அடுத்த வருடம் வருவார்கள். எட்டுப் பேர் வருவதாக இருந்தது, இப்போது மூன்று பேர் சரியென்றிருக்கிறார்கள்.