கானாடுகாத்தான் வீடுகளும் புள்ளிக் கணக்கும்

காரைக்குடியிலிருந்து திருச்சிக்குச் செல்லும் வழியில் அமைந்த சிறு பேரூர் கானாடுகாத்தான். நகரத்தார் வாழும் செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று. அதன் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. ஒரு தெருவில் தலைவாயில் கொண்ட வீடு, பின்வாயிலை அடுத்த தெருவில் திறக்கும்.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானபின், அங்கு நெல் வேளாண்மைக்குக் கடன் கொடுத்துப் பொருளீட்டிய வணிகர் பலர் எழுப்பிய இல்லங்கள் இவை. பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரைக்கற்களையும் பலர் வியந்து எழுதியுள்ளனர். வியக்கத்தக்கது அவற்றினும் வீட்டின் உள்ளமைப்பே.

முகப்பைக் கடந்தால் வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும் அறைகளும் சேர்ந்தது வளவு. ஈழத்தில் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைக் குறிக்கும் இச்சொல், இங்கு வீட்டின் நடுவிடத்தைக் குறிப்பது சொல்லாராய்வோர்க்கு நல்விருந்து. மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் வளவில் ஓர் அறை உரியது. சீர்ப்பாத்திரங்களும் அவ்வறையிலேயே அடங்கும். மணமான சில காலத்தில் பெற்றோர் அவனை 'வேறு வைப்பர்'. அஃது வீட்டைவிட்டு அனுப்புதலன்று, அடுப்பைப் பிரித்தலாகும். கூரை ஒன்றாயிருக்க, பின்கட்டில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே உலை வைக்கும். மணமான இணை ஒரு 'புள்ளி' எனப்படும். கோயிலுக்குரிய வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றே தண்டப்படும். இவ்வாழ்க்கையைக் கூட்டுக்குடும்பம் என்று ஒரே சொல்லில் அடக்குவது பொருந்தாது.

1930களின் பொருளாதார மந்தமும், 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டதும் அச்செல்வத்தின் வேரை அறுத்தன. குடும்பங்கள் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தன. வீட்டின் பங்குகளோ தலைமுறைதோறும் பெருகின. ஓடு மாற்ற வேண்டுமாயினும் பங்காளிகள் அனைவரும் இசைதல் வேண்டும்; விற்பதற்கும் அவ்வாறே. இக்கணக்கே பல வீடுகளைப் பழுதுபாராமல் பாழாக்கியது. பல வீடுகள் விலைபோகாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். பங்காளிகள் இசைந்த இடங்களில் தூணும் நிலையும் கதவும் பெயர்க்கப்பட்டுக் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளுக்குச் சென்றன. சில வீடுகள் விருந்தினர் விடுதிகளாயின. இடித்ததினும் இது மேலே.

ஏனையவை பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. ஆயினும் திருமணத்தைப் பூர்விக வீட்டிலேயே நடத்தும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. அந்நாளில் தலைவாயில் திறக்கும். வெளியூர்களிலிருந்து வந்த பங்காளிகள் தத்தம் சாவியால் தத்தம் அறையைத் திறந்து, தூசி தட்டிப் பாய் விரிப்பர்.