பாலிமரேஸ்: பெயர் வந்த வழி

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லிக்கு மாவை அரைத்துப் புளிக்கவிட்டு, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி வேகவைப்பார்கள். டி.என்.ஏவை நகலெடுக்கும் 'பாலிமரேஸ் நொதி'யின் பெயரில் பாதி இப்படிப் பொங்கும் மாவிலிருந்து வந்ததுதான்.

நொதித்தல் என்றால் புளித்துப் பொங்குதல். அதை வைத்துத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'நொதி' என்றன, இலங்கையில் 'நொதியம்'. மூலச்சொல்லான என்சைமுக்கும் இதே பிறப்புதான். 1877இல் ஜெர்மன் உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே, 'ஈஸ்ட்டுக்குள்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதை ஆக்கினார். உயிருள்ள ஈஸ்ட்டின் வேலை வேறு, செரிமானச் சாற்றின் வேலை வேறு என்று பிரித்துச் சொல்வது அவர் நோக்கம். 1897இல் எடுவர்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்துப் பிழிந்தார். செல் இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்கவைத்தது. கூனே போட்ட கோடு அழிந்தது. அவர் வைத்த பெயர் நிலைத்தது.

'ஏஸ்' விகுதியின் கதை இன்னும் வேடிக்கை. 1833இல் பயான், பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள், முளைகட்டிய பார்லியில் மாவுச்சத்தை உடைக்கும் பொருளைக் கண்டார்கள். பிரிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதை டயஸ்டேஸ் என்றார்கள். அந்தப் பெயரின் வால்தான் பிறகு நொதிகளுக்கெல்லாம் பொது விகுதியானது. சுருளைப் பிரிக்கும் ஹெலிகேஸுக்கு அது பொருந்தும். துண்டுகளை இணைக்கும் லிகேஸும், எழுத்தெழுத்தாகக் கோக்கும் பாலிமரேஸும்கூட அதே வாலைத்தான் சுமக்கின்றன.

பாலிமரேஸால் வெறுமையிலிருந்து தொடங்க முடியாது. தறியில் அச்சுக்குள் விட்டுவைத்த பழைய பாவின் முனைகளோடு புதுப் பாவின் இழைகளை முறுக்கிப் பிணைப்பதுபோல, அதற்கும் பிடித்துக்கொள்ள ஒரு முனை வேண்டும். பிரைமேஸ் என்ற இன்னொரு நொதி ஒரு சிறு ஆர்.என்.ஏ துண்டை வைத்து அந்த முனையைத் தருகிறது.

1950களின் நடுவில் ஆர்தர் கோர்ன்பெர்க், பூக்னர் ஈஸ்ட்டைப் பிழிந்ததுபோல ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்து, அந்தச் சாற்றில் பாலிமரேஸைப் பிடித்தார்; 1959இல் நோபல் பரிசு. அது இன்று பாலிமரேஸ் 1. ஆனால் அது குறைந்த பாக்டீரியாவும் பிழைத்துக்கொள்வதை 1969இல் கண்டார்கள். நகலெடுப்பில் பெரும்பங்கு பாலிமரேஸ் 3இன் வேலை. அதைக் கண்டவர்களில் ஒருவர் ஆர்தரின் மகன் தாமஸ். அந்த எண்கள் கண்டெடுத்த வரிசையைக் காட்டுமே தவிர, வேலையின் முக்கியத்துவத்தை அல்ல.

விலங்குகளின் பாலிமரேஸ்களுக்கு எண்ணுக்குப் பதில் கிரேக்க எழுத்துகள். பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பி செல்கள் பிரியாமலே டி.என்.ஏவை மட்டும் திரும்பத் திரும்ப நகலெடுக்கும்; ஒரே செல்லில் அது லட்சம் மடங்கையும் தாண்டும். 1990களின் தொடக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே.பி. கோபிநாதன் குழுவினர் அந்தச் சுரப்பியிலிருந்து டெல்ட்டா, எப்சிலான் பாலிமரேஸ்களைப் பிரித்தெடுத்தார்கள். காஞ்சித் தறிகளில் ஏறும் பட்டு அத்தகைய சுரப்பிகளில் ஊறியதுதான்.