கூத்தாடிக்கு என்ன பேச்சு?

1894ஆம் ஆண்டுக் கோடையில் கொரிய அரசு சீர்திருத்தச் சட்டங்களை வரிசையாக அறிவித்தது. அடிமைமுறை ஒழிந்தது என்றது ஒன்று. பிறப்பைப் பார்த்துப் பதவி கொடுக்கக் கூடாது என்றது இன்னொன்று. அவற்றுக்கு நடுவே ஒற்றை வரியில் ஓர் அறிவிப்பும் இருந்தது. அஞ்சல் குதிரை நிலையங்களில் ஊழியம் செய்தவர்கள், கூத்தாடிகள், தோல் வேலை செய்பவர்கள், இந்த மூன்று வகையினரின் இழிநிலையும் நீக்கப்படுகிறது என்பது அதன் சாரம்.

தோல் வேலை செய்பவரையும் கூத்தாடியையும் ஒரே வரியில் வைத்து விடுவிக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னால் எத்தனையோ தலைமுறை இரண்டு பேரையும் ஒரே குழியில் தள்ளி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். இன்று உலகம் முழுக்கக் கொரியப் பாட்டு ஒலிக்கிறது. நம் பிள்ளைகளும் அந்த ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்துப் பழகுகிறார்கள். அந்த மேடைக்குக் கீழே கிடக்கும் இந்த ஒற்றை வரியை யாரும் சொல்வதில்லை.

கொரிய மொழியில் 'தன்தாரா' என்றொரு வசைச்சொல் உண்டு. ஊதுகுழலின் ஓசையிலிருந்து பிறந்த சொல் என்பார்கள். பாடுகிறவர், ஆடுகிறவர், நடிக்கிறவர் எல்லாருக்கும் பொதுவான வசை. நம்மூரில் 'கூத்தாடிப் பய' என்று சொல்லும்போது பல்லிடுக்கில் வருமே ஓர் ஏளனம், அதேதான். ஒரு நடிகை தொழிலாளர் போராட்டத்துக்குப் போனாலோ, ஒரு பாடகர் அரசாங்கத்தை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னாலோ, "பாட வந்தவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். பார்க்கப்போனால் இது கேள்வியே அல்ல, கட்டளை. அதன் வயதைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

ஜோசன் அரசு 1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்டது. மேலே யாங்பான் எனப்பட்ட பிரபுக்கள். அடியில் சொன்மின், அதாவது இழிந்தவர்கள். அடிமைகள், மாடறுப்போர், பாடை சுமப்போர், சாமியாடும் பெண்கள், கிசேங் எனப்பட்ட ஆடல்மகளிர், குவாங்டே எனப்பட்ட கூத்தாடிகள் எல்லாரும் இந்தக் கணக்கில்தான் வந்தார்கள். 1423இல் சேஜோங் மன்னன் ஒரு காரியம் செய்தான். மாடறுப்பு, கூடை முடைதல் போன்ற வேலைகளைச் செய்த கூட்டத்தையும், வித்தை காட்டிப் பிழைத்த கூட்டத்தையும் சேர்த்து 'பெக்ஜோங்' என்று புதுப்பெயர் வைத்தான். அதுவரை சாதாரணக் குடிமக்களைக் குறித்த கௌரவமான சொல் அது. அப்புறம் நடந்தது என்ன? இழிவு போகவில்லை. அந்தச் சொல்தான் இழிந்தது. பெயர் மாற்றி வைக்கிற கருணையை நாமும் பார்த்தவர்கள்தானே!

இந்த இழிந்தவர்களில் ஒருவன் அரசன் முன்னால் வாயைத் திறந்த கதை அரண்மனை ஏட்டிலேயே இருக்கிறது. யோன்சான்குன் கொடுங்கோலன் என்று பெயரெடுத்த மன்னன். 1505ஆம் ஆண்டுக் குறிப்பில் கோங்-கில் என்ற கூத்தாடி வருகிறான். வயசான பண்டிதர் வேஷம் கட்டி ஆடியவன், கன்ஃபூசியஸின் நூலையே துணைக்கு இழுத்தான். அரசன் அரசனாக நடக்காத நாட்டில் களஞ்சியம் நிறைய நெல் இருந்து யாருக்கு என்ன பயன் என்ற பொருளில் பேசினான். மன்னனுக்குப் புரிந்துவிட்டது. அடித்து, தொலைதூரத்துக்குத் துரத்தினார்கள். ஏட்டில் அவனைப் பற்றி இருப்பது இந்தச் சில வரிகள்தான். இந்தச் சில வரிகளை விதையாக வைத்து எழுந்த 'அரசனும் கோமாளியும்' என்ற படம் 2005இன் கடைசியில் வெளிவந்து, 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் பார்த்த படமானது. அடிபட்ட கூத்தாடிக்குக் கைதட்டல் வந்து சேர ஐந்நூறு வருஷம் ஆயிற்று.

நேரே பேசினால் அடி. ஆகவே முகமூடி வந்தது. ஆந்தோங் பகுதியில் ஹாஹோ என்று ஒரு ஊர். அங்கே ஆடிய முகமூடிக் கூத்தில் மாடறுப்பவன் ஒரு காளையை வெட்டி, அதன் விதையைக் கொண்டுவந்து விலை கூறுவான். ஆண்மைக்கு நல்லது என்று கேள்விப்பட்டதும் யாங்பானும் பண்டிதரும் எனக்கு உனக்கு என்று அடித்துக்கொள்வார்கள். ஆடியவர்கள் ஊரின் கீழ்க்குடியினர். செலவுக்குக் கொடுத்தவர்களோ யாங்பான் குடும்பத்தார். காசும் அவர்களுடையது, வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவர்கள்தான். பொங்சான் கூத்தில் மால்துகி என்ற வேலைக்காரன் யாங்பான் சகோதரர்கள் மூவரையும் வார்த்தையாலேயே வாரிவிடுவான். ஆட்டம் முடிந்ததும் முகமூடிகளைத் தீயிலிட்டுவிடுவது வழக்கம்.

இது கலகமா, இல்லை கோபத்தை ஒரு ராத்திரியில் வடித்துவிட ஆண்டைகள் செய்த ஏற்பாடா என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருவிழா அன்றைக்குப் பேசலாம், முகம் தெரியாமல் பேசலாம், சிரிப்பு மூட்டிப் பேசலாம். விடிந்தபிறகு அதே ஆள் அதே வார்த்தையைச் சொந்த முகத்தோடு பேசினால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

முகமூடி இல்லாமல் தெருவில் நின்று பேசியவர்களில் கிசேங் பெண்களை முதலில் சொல்ல வேண்டும். அரசின் பதிவேட்டில் அடிமைகளாக இருந்தவர்கள் இவர்கள். தாய் கிசேங் என்றால் மகளும் கிசேங். ஜப்பானிய ஆட்சி வந்தபோது அவர்களை வரிசையில் நிறுத்தி உடம்பைச் சோதித்தது. 1919 மார்ச்சில் விடுதலைப் போராட்டம் நாடெங்கும் பற்றியது. மார்ச் 29 அன்று சுவோன் நகரில், அந்தச் சோதனைக்குப் போகும் வழியில், கிம் ஹியாங்-ஹ்வா தலைமையில் முப்பதுக்கும் மேற்பட்ட கிசேங்குகள் விடுதலை முழக்கமிட்டார்கள். அவருக்கு ஆறு மாதம் சிறை. தென்கொரிய அரசு அவரை விடுதலைப் போராளியாக ஏற்றுக்கொண்டது 2009இல். தொண்ணூறு வருஷம் கழித்து!

நான்கு ஆண்டுகள் போயின. 1923 ஏப்ரலில் ஜின்ஜு நகரில் பெக்ஜோங் மக்கள் ஹியோங்பியோங்சா என்ற அமைப்பைக் கட்டினார்கள். கறி நிறுக்கும் தராசின் சமநிலைதான் அந்தப் பெயருக்குப் பொருள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாத ஆத்திரம் அந்த அமைப்பின் பிறப்புக்கு ஒரு காரணம். சேஜோங் பெயர் மாற்றி வைத்து அப்போது சரியாக ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1894இன் ஒற்றை வரி காகிதத்தில்தான் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாடு விடுதலை அடைந்தது, இரண்டாய்ப் பிளந்தது, போர் நடந்தது. தெற்கே ராணுவத் தளபதி பார்க் சுங்-ஹீ 1961இல் ஆட்சியைப் பிடித்தார். 1970களில் பல்கலைக்கழக மாணவர்கள் கிராமங்களில் மிச்சமிருந்த முகமூடிக் கூத்தைத் தேடிப்போய்க் கற்றுக்கொண்டார்கள். அதை முற்றத்து நாடகமாக்கி, மால்துகியின் நாக்கைச் சர்வாதிகாரியின் பக்கம் திருப்பினார்கள். இழிந்தவன் கூத்து எதிர்ப்பின் மொழியானது.

அந்தத் தலைமுறையின் பாடகர் கிம் மின்-கி. அவர் எழுதிய 'காலைப் பனித்துளி' 1971இல் யாங் ஹீ-உன் குரலில் வெளிவந்தது. அரசியல் சொல் ஒன்றுகூட இல்லாத பாட்டு. ஆனால் ஊர்வலங்களில் அதைத்தான் பாடினார்கள். 1975இல் அரசு நூற்றுக்கணக்கான பாட்டுகளைத் தடைசெய்தபோது இதுவும் போயிற்று. அதிபரைப் புகழ்ந்து பாட்டுப் போட மறுத்த ராக் இசைக்கலைஞர் ஷின் ஜூங்-ஹ்யுனுக்கு அதே ஆண்டு கஞ்சா வழக்கு. அப்புறம் ஆண்டுக்கணக்கில் மேடையே கிடையாது.

கிம் மின்-கி தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். 1978 பிப்ரவரியில் இஞ்சோனில், தொங்கில் நெசவாலையில், சங்கத் தேர்தலில் வாக்களிக்க வந்த பெண் தொழிலாளர்கள் மேல் மலத்தை வாரி வீசினார்கள். வீசியவர்கள் நிர்வாகத்தின் பக்கம் நின்ற ஆண் தொழிலாளர்கள். பிறகு 124 பெண்கள் வேலையை இழந்தார்கள். மலத்தை எதற்காக ஆயுதமாக எடுக்கிறார்கள் என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு கிம் மின்-கி அந்தப் போராட்டத்தை மனதில் வைத்து 'தொழிற்சாலையின் வெளிச்சம்' என்ற இசை நாடகத்தைக் கள்ளத்தனமாக ஒலிநாடாவில் பதிந்தார். கடையில் விற்க முடியாது. ஆனால் கைமாறிக் கைமாறி, படி எடுத்துப் படி எடுத்து, அது போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போயிற்று. 1987இல் மக்கள் எழுச்சிக்குப் பிறகே 'காலைப் பனித்துளி' மீதான தடை நீங்கியது. தன்னை 'பின்னால் இருப்பவன்' என்று சொல்லிக்கொண்ட அந்த மனிதர் 2024 ஜூலையில் இறந்தார்.

பாட்டை அரசிடம் காட்டி ஒப்புதல் வாங்கித்தான் வெளியிட வேண்டும் என்ற முறை 1987க்குப் பிறகும் தொடர்ந்தது. பாடகர் ஜோங் தே-சுன் 1990இல் ஒப்புதல் வாங்காமலே ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1993இல் இன்னொன்று. வழக்குப் போட்டார்கள். அவர் பின்வாங்காமல் அரசமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போனார். 1996இல் அந்தத் தணிக்கை ஒழிந்தது. இன்றைய கொரியப் பாடகர்கள் எல்லாரும் அந்தச் சுதந்திரத்தில்தான் பாடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

தணிக்கை போனதும் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பாட்டைத் தடுக்க வேண்டாம், ஆளின் பிழைப்பைத் தடு. 2009இல் நகைச்சுவைக் கலைஞர் கிம் ஜே-தோங், தற்கொலை செய்துகொண்ட முன்னாள் அதிபர் ரோ மூ-ஹ்யுனின் இறுதி ஊர்வல நிகழ்ச்சியை நடத்தினார். சில மாதங்களில் அரசுத் தொலைக்காட்சியில் அவர் நடத்திவந்த நிகழ்ச்சி கையைவிட்டுப் போனது. நடிகை கிம் யோ-ஜின் 2011இன் தொடக்கத்தில் ஹோங்கிக் பல்கலைக்கழகத்தில் வேலை பறிக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்களோடு போய் உட்கார்ந்தார். பூசானில் கப்பல் கட்டும் தளத்தின் பாரந்தூக்கி மேல் 309 நாள் இருந்து போராடிய கிம் ஜின்-சுக்குக்கு ஆதரவாக நின்றார். அதே ஆண்டு தேசிய உளவுத்துறை என்ன செய்தது தெரியுமா? கிம் யோ-ஜினையும் நடிகர் மூன் சுங்-குன்னையும் நிர்வாணமாகச் சேர்த்து ஒட்டிய பொய்ப்படம் ஒன்றைத் தயாரித்துப் பரப்பியது. ஒரு நாட்டின் உளவுத்துறை செய்த வேலை இது. துப்புரவுத் தொழிலாளியின் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணை எப்படி அடக்குவது என்று யோசித்தவர்களுக்கு அவள் உடம்புதான் கண்ணில் பட்டது.

இந்த உண்மை 2017இல்தான் வெளிவந்தது. லீ மியுங்-பாக் ஆட்சியில் உளவுத்துறை 82 கலைஞர்களின் பட்டியல் வைத்திருந்தது என்பதும் அப்போது தெரிந்தது. அடுத்து வந்த அதிபர் பார்க் கியுன்-ஹே, அந்த ராணுவத் தளபதியின் மகள். அவர் ஆட்சிக் காலத்துக் கறுப்புப் பட்டியலில் 9,473 பெயர்கள். 2014இல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்ததற்கு நீதி கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்களும் அதில் இருந்தார்கள். 2020 டிசம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் இந்தப் பட்டியல் அரசமைப்புக்கு விரோதமானது என்றது. நல்லது. இடையில் போன வேலையும் வயசும் திரும்பி வருமா?

அரசு மட்டும்தான் வாயை அடைக்கிறது என்று எண்ண வேண்டாம். 2018இல் ரெட் வெல்வெட் குழுவின் பாடகி ஐரீன், 'கிம் ஜி-யங், பிறப்பு 1982' என்ற நாவலைப் படித்தேன் என்று சொன்னார். ஒரு சராசரிப் பெண் பிறந்ததிலிருந்து படும் பாட்டைச் சொல்லும் நாவல் அது. படித்தேன் என்றுதான் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. ஆண் ரசிகர்கள் அவர் படத்தை எரித்தார்கள். காசு கொடுத்துப் பார்க்கிறோம், ஆகவே வாயும் எங்களுடையது என்கிற நினைப்பு.

2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். பாட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோகும் ஒளிக்கோல்களை ஏந்திக்கொண்டு இளம்பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். பாடகர் லீ சுங்-ஹ்வான் அவர்கள் நடுவில் பாடினார். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குமி நகரில் அவருக்குக் கச்சேரி இருந்தது. குமி, பார்க் சுங்-ஹீ பிறந்த ஊர். அரசியல் பேச மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்றது நகர நிர்வாகம். அவர் மறுத்தார். இரண்டு நாளுக்கு முன்பு மண்டபத்தை ரத்து செய்தார்கள். 2025 ஏப்ரலில் யூன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

லீ சுங்-ஹ்வான் பல ஆண்டு பாடிப் பெயர் நாட்டியவர், ஒரு மண்டபம் போனால் தாங்குவார். பதினைந்து வயதில் ஒப்பந்தம் போட்டு நிறுவனத்தின் விடுதியில் படுத்து எழும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 2024 அக்டோபர் 15 அன்று நியூஜீன்ஸ் குழுவின் ஹன்னி நாடாளுமன்றக் குழு முன்னால் வந்து, தன் நிறுவனத்துக்குள் தான் ஒதுக்கப்பட்டதாகச் சாட்சி சொன்னார். அழுதார். அடுத்த மாதமே தொழிலாளர் அமைச்சகம் பதில் சொல்லிவிட்டது. அவர் தொழிலாளர் தரச் சட்டத்தின்படி தொழிலாளி அல்ல, ஆகவே வேலையிடத் துன்புறுத்தலுக்கு எதிரான பிரிவு அவருக்குப் பொருந்தாது என்றது.

1894இல் இழிந்தவர் அல்ல என்றார்கள். 2024இல் தொழிலாளியும் அல்ல என்கிறார்கள். அப்படியானால் யார்?

இதற்குப் பாதிப் பதில் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. தொலைக்காட்சி நடிகர்கள் 1988இலேயே சங்கம் வைத்தவர்கள். நீங்கள் தொழிலாளிகளே அல்ல, சங்கமாகப் பேச்சுவார்த்தை நடத்த முடியாது என்ற வழக்கில் அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. தொழிற்சங்கச் சட்டத்தின்படி அவர்கள் தொழிலாளிகள்தான் என்று. பெரிய நட்சத்திரத்தின் துணிச்சலால் வந்ததல்ல இது. நான்கு வரி வசனத்துக்கு நாள் முழுக்கக் காத்துக் கிடக்கும் துணை நடிகர்கள் சந்தா கட்டிக் காத்த சங்கத்தால் வந்தது.

நட்சத்திரம் பேசினால் நாலு பேர் கேட்பார்கள், அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசிய மறுநாள் அவருக்குச் சோறு போகாமல் இருக்க யார் நிற்கிறார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. பாட்டுப் பயிலும் அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் அப்படி நிற்க ஆளில்லை.