பிரேம் வேகங்களின் பூர்வ சரித்திரம்

ஒரே காட்சிக்கு மூன்று காமிராக்களிலிருந்து வந்த துண்டுகளைச் சேர்க்க முற்படும் படத்தொகுப்பாளர், ஒன்று விநாடிக்கு 24 பிரேம், மற்றொன்று 25, வேறொன்று 29.97 என்று கண்டு சலித்துக்கொள்வது இயல்பே. ஆயினும் அவற்றில் எதுவும் மனம்போன போக்கில் பிறந்ததல்ல என்பதையும், ஒவ்வொன்றும் ஒரு காலத்து யந்திர நிர்ப்பந்தத்துக்கு மனிதர் கண்ட சமாதானம் என்பதையும் அறிந்தவருக்கே அவற்றைப் பழுதின்றி இணைக்கும் வழி புலப்படும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மௌனப் பட யுகத்தில் வேகம் என்பது காமிராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவரின் மணிக்கட்டில் இருந்தது. எடிசனின் யந்திரம் விநாடிக்குச் சுமார் 40 பிரேம்களை விழுங்க, லூமியேர் சகோதரர்கள் 16 அளவிலேயே திருப்தியடைந்தனர். பின்வந்தோர் தத்தம் சௌகரியப்படி சுற்றினர். 1926-இல் 'டான் ஜுவான்' படம் இசைத்தட்டோடு சேர்ந்து ஓடவேண்டி வந்தபோது இந்தச் சுதந்திரம் முடிவடையத் தொடங்கிற்று. வேகம் சற்றே பிசகினாலும் கண் பொறுத்துக்கொள்ளும், காதோ சுருதி பேதத்தை ஒரு கணமும் பொறுக்காது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் பொறியாளர்கள், அன்றைய நல்ல அரங்குகளில் படம் எவ்வேகத்தில் ஓடுகிறதென்று விசாரித்து, நிமிஷத்துக்கு 90 அடி என நிர்ணயித்தார்கள். அடிக்கு 16 பிரேம் ஆகையால் அதுவே விநாடிக்கு 24 ஆயிற்று.

அடுத்த சிக்கல் மின்சாரத்தால் விளைந்தது. அமெரிக்க மின்னோட்டம் விநாடிக்கு 60 சுழற்சி கொண்டதாகையால், அங்கே தொலைக்காட்சியும் விநாடிக்கு 60 அரைப்படங்களாக, அதாவது 30 முழுப்படங்களாக அமைந்தது. இருபத்துநான்கை அறுபதுக்குள் அடக்க அவர்கள் கண்ட உபாயம் அற்புதமானது: முதல் பிரேமை இரண்டு அரைப்படங்களுக்கும், அடுத்ததை மூன்றுக்கும், மறுபடி இரண்டு, மறுபடி மூன்று என மாற்றி மாற்றி நிறுத்தினார்கள், நான்கு சினிமா பிரேம்கள் ஐந்து தொலைக்காட்சிப் படங்களாயின. அப்படிப் பதிவான நாடாவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தால் மூன்று படங்கள் தெளிவாக நிற்க, இரண்டில் மட்டும் ஓடுகிறவனின் கால் சீப்புப் பற்களைப்போல் பிளந்து தெரியும். அவ்விரண்டிலும் அடுத்தடுத்த இரு பிரேம்கள் கலந்திருக்கின்றன. இந்தக் கலப்பைப் பிரித்து ஆதி 24 பிரேம்களை மீட்ட பிறகே கத்தரியை எடுக்கவேண்டும். அப்படியே வெட்டி ஒட்டினால் இரண்டு மூன்றென்னும் வரிசை வெட்டுதோறும் முறிந்து, பின்பு பிரிப்பது பெரும் பிரயாசையாகிவிடும்.

50 சுழற்சி மின்சாரமுள்ள ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் வழி எளிது: 24 பிரேம் படத்தை 25 ஆகவே ஓட்டிவிட்டார்கள். நூறு நிமிஷப் படம் தொண்ணூற்றாறில் முடிந்தது. பாட்டின் சுருதியோ அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறியே ஒலித்தது.

பின்னமான 29.97 பிறந்தது 1953-இல், அமெரிக்கா வர்ணத் தொலைக்காட்சியை அங்கீகரித்தபோது. வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகாதபடி பழைய அலைவரிசைக்குள்ளேயே வர்ணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. வர்ண அலை ஒலி அலையோடு மோதித் திரையில் புள்ளிக்கோலமிடாதிருக்கப் படவேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்களவு குறைத்தார்கள். அதனால் பிரேம்களை 30 வீதம் எண்ணும் கணக்கு மணிக்கு 108 பிரேம் பிந்தியது. அதை ஈடுசெய்ய, நிமிஷந்தோறும் இரண்டு எண்களைத் தாண்டியும், பத்தாவது நிமிஷங்களில் தாண்டாமலும் எண்ணும் சம்பிரதாயம் பிற்பாடு வகுக்கப்பட்டது. தாண்டப்படுபவை எண்களே, ஒரு பிரேமும் வீசப்படுவதில்லை.

அந்தப் பழைய முறை ஒளிபரப்பை அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009-இல் நிறுத்திவிட்டன. என்றாலும் அதே ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்ட 23.976 என்னும் வேகம் இன்றைய டிஜிட்டல் காமிராக்களிலும் இருக்கிறது. அதை 24-க்குச் சமமென்று கொண்டு தனியே பதிவான ஒலியோடு சேர்த்தால், ஒரு மணி நேரக் கச்சேரியின் முடிவில் பாடகரின் வாயசைவுக்கும் குரலுக்கும் இடையே 3.6 விநாடி விழுந்துவிடும்.