தபால்காரர் யாருடைய ஆள்? வி.பி.பி.யும் இந்தியச் சிறுவணிகமும்

1950களில், அன்றைய மத்திய பாரத மாநிலத்து ரத்லாம் நகரில் வாசனைத் திரவியமும் கூந்தல் தைலமும் செய்து விற்ற ஒரு நிறுவனத்துக்கும் வருமான வரித்துறைக்கும் இடையே வழக்கு ஒன்று நடந்தது. சரக்கின் தரமோ விலையோ அதில் பிரச்சினை அல்ல. வெளிமாநில வாடிக்கையாளர் ஒருவர், அஞ்சலில் வந்த பொட்டலத்துக்கு உரிய விலையைத் தம் ஊர்த் தபால்காரரிடம் கொடுக்கிறார். அந்தக் கணத்தில் தபால்காரர் யாருடைய ஆள்? விற்றவருடைய ஆளா, வாங்கியவருடைய ஆளா? வழக்கு இந்தக் கேள்வியில்தான் நின்றது.

கேள்விக்குப் பின்னால் கணிசமான பணம் இருந்தது. சுதேச சமஸ்தானங்களை இணைத்து உருவான ‘பி’ பிரிவு மாநிலங்களுக்கு அப்போது வருமான வரியில் தனிச் சலுகை உண்டு. விற்பனைத் தொகை ரத்லாமில் பெறப்பட்டதாகக் கொண்டால் சலுகை பொருந்தும். ‘ஏ’ பிரிவு மாநிலத்தில், வாங்குபவரின் ஊரிலேயே பெறப்பட்டதாகக் கொண்டால் பொருந்தாது. 1959 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: விலையை வசூலிக்கும் வேலையில் அஞ்சலகம் விற்பவரின் முகவர், ஆகவே பணம் வாங்குபவரின் ஊரிலேயே விற்பவரின் கைக்கு வந்துவிட்டது. இரயிலில் சரக்கை அனுப்பி, அதற்கான ரசீதை வங்கி வழியாகக் கொடுத்துப் பணம் வசூலித்த விற்பனைக்கும் இதே முடிவுதான்.

வரிச் சட்டம் படிப்போர் இத்தீர்ப்பை ‘வருவாய் எங்கே பெறப்பட்டது’ என்ற தலைப்பின்கீழ்ப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவர். சமூக, பொருளாதார வரலாற்று மாணவருக்கு இது வேறொன்றின் தடயம். பெருநகரமல்லாத ஊரில் இருந்துகொண்டு, முகமறியாத ஆயிரம் பேருக்குச் சில ரூபாய்ப் பொருளை அனுப்பிப் பிழைத்த ஒரு வணிக வகை இந்தியாவில் இருந்தது. அதைச் சாத்தியமாக்கியது வி.பி.பி. என்று வழங்கிய அஞ்சல் முறை: பொருளைப் பெறுபவர் விலையைக் கொடுத்த பின்பே பொட்டலம் கைமாறும். 1877 இல் தொடங்கிய அம்முறை, ரத்லாம் வழக்குக்குத் தீர்ப்பு வந்தபோது எண்பது ஆண்டைத் தாண்டியிருந்தது.

இந்தியப் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் டன் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. பருத்தி, கோதுமை, நிலக்கரி, துறைமுகம் நோக்கிச் சாய்ந்த இரயில் கட்டணம் ஆகியவையே அதன் பொருள். அந்தச் சாய்வு உண்மையானது. 1916 முதல் 1918 வரை பணியாற்றிய தொழில் ஆணையம் அதனைச் சுட்டிக்காட்டியது. ஆனால் சேர்க் கணக்கில் சரக்கு அனுப்பியவர் இந்த வரலாற்றில் அரிதாகவே தென்படுகிறார். அவருடைய சிக்கல் டன் அனுப்பியவருடையதும் அல்ல. சுமந்து செல்ல ஆள் கிடைக்காமல் போவதில்லை. தொலைவில் இருக்கும் அந்நியனை நம்பிச் சரக்கை முதலில் விடுவதா, பணம் வரும்வரை பிடித்து வைப்பதா என்பதே அவருடைய சிக்கல். வாங்குபவருக்கும் அதே ஐயம், தலைகீழாக.

பெருவணிகர் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே தீர்த்திருந்தனர். மார்வாரிகளுக்கும் குஜராத்தி வணிகருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியாருக்கும் தொலைநகரங்களில் உறவினரோ முகவரோ இருந்தனர். உண்டியல் இருந்தது. அதில் ‘ஜோக்மி உண்டியல்’ என்ற வகை தனிச்சிறப்புடையது: சரக்கு பத்திரமாகச் சேர்ந்தால்தான் அதற்குப் பணம் கொடுக்கப்படும், வழியில் மூழ்கினால் உண்டியலும் மூழ்கும். கடன், காப்பீடு, பணமாற்று மூன்றும் ஒரே தாளில். ஆனால் அந்தத் தாளுக்கு மதிப்பு தந்தது அதில் எழுதியிருந்த பெயர். பெயரில்லாதவர் எழுதிய உண்டியலை யார் வாங்குவார்?

அரசின் அஞ்சல் அப்போது இத்தகையோருக்குப் பெரிதும் உதவவில்லை. பொட்டலங்கள் ‘பாங்கி’ முறையில் சென்றன: மூங்கில் தடியின் இரு முனையிலும் பெட்டிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஓடும் ஆள், தமிழர் காவடி என்று அறிவது. 1854 ஆம் ஆண்டுச் சட்டம் கடிதத்துக்கு நாடு முழுவதற்குமான ஒரே கட்டணத்தை, கால் தோலா எடைக்கு அரையணா என்று நிறுவியது. தொலைவு கணக்கில் வராது என்ற இந்தக் கொள்கை எளிதாகத் தோன்றலாம். விற்பவர் ஒரே விலைப்பட்டியலை அச்சிட்டு எங்கும் அனுப்பலாம் என்பது அதன் வணிகப் பொருள். அதற்கு முந்தைய ஆண்டு பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியிருந்தது. தண்டவாளம் நீள நீள, அஞ்சல் பையின் எடையும் வேகமும் மாறின.

1877 இல் வந்த புதுமை போக்குவரத்தில் அல்ல, கைமாற்றும் ஒழுங்கில்தான். அனுப்புபவர் பொட்டலத்தின்மேல் வசூலிக்க வேண்டிய தொகையைக் குறித்து அஞ்சலகத்தில் பதிவு செய்வார். அது பெறுநரின் ஊருக்குப் போகும். பெறுநர் தொகையைச் செலுத்தினால் பொட்டலம் அவருக்கு. மறுத்தாலோ, குறித்த நாளுக்குள் வாங்காவிட்டாலோ அனுப்பியவருக்கே திரும்பும். 1880 இல் பண அஞ்சல் சேவை அரசுக் கருவூலங்களிடமிருந்து அஞ்சல் துறைக்கு மாற்றப்பட்டது. இதன்பின், வசூலான தொகை மணியார்டராக அனுப்பியவரின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. சரக்கைக் கொண்டு போன அதே துறை பணத்தையும் கொண்டு வந்தது. உறவினர் வலையோ முகவரோ இல்லாதவருக்கு அரசே முகவராயிற்று எனலாம். அந்தச் சொல்லை உச்ச நீதிமன்றம் பின்னாளில் சட்டப் பொருளிலேயே கையாண்டது.

யார் பயன்படுத்தினர்? முதலில் நினைவுக்கு வருவோர் புத்தக வணிகரும் மருந்து வணிகரும். இவ்விரு சரக்குகளும் அஞ்சலுக்கென்றே செய்தவை போன்றவை. எடை குறைவு, அழுகாது, எடையோடு ஒப்பிட விலை அதிகம், எல்லாவற்றுக்கும் மேலாக அச்சில் விளம்பரம் செய்யத் தக்கவை. கல்கத்தாவின் பஞ்சாங்கங்கள் பின்பக்கங்களில் மருந்து, தைலம், கடிகாரம் எல்லாவற்றுக்கும் விளம்பரம் தாங்கி வங்காளக் கிராமங்களுக்குப் போயின. ஆண்டு முழுதும் வீட்டில் இருக்கும் அச்சுப் பொருள் பஞ்சாங்கம் ஒன்றே என்பதை அந்த விளம்பரதாரர்கள் நன்றாக அறிந்திருந்தனர். 1884 இல் கல்கத்தாவில் தோன்றிய டாபர், 1893 இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிப் பின்னர் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சன், 1902 இல் பி.எஸ். வாரியர் நிறுவிய கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை, லாகூரின் அமிர்ததாரா என இன்று வரலாற்றாசிரியர் ஆராயும் சுதேசி மருந்துப் பெயர்களெல்லாம் அச்சு விளம்பரமும் அஞ்சலும் பின்னிய இந்தச் சூழலில் வளர்ந்தவை. ஆயுர்வேதத்தின் நவீனமயம் பற்றிய ஆய்வுகள் பாடத்திட்டத்தையும் தேசியவாதத்தையும் விரிவாகப் பேசுகின்றன. குளிகையும் குப்பித் தைலமும் முன்னேறி, அன்றன்று காய்ச்சிக் குடிக்கும் கஷாயம் பின்தங்கியதில் அஞ்சல் பொட்டலத்துக்கும் பங்கு உண்டு என்பது இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

பதிப்புத் துறையிலும் அப்படியே. 1858 இல் தொடங்கிய லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் போன்ற பெரிய நிறுவனங்களுக்குக் கிளைகளும் முகவர்களும் இருந்தனர். சிற்றூர்ப் பதிப்பாளருக்கு அஞ்சலகமே கிளை. கோரக்பூரின் கீதா அச்சகம் தன் ‘கல்யாண்’ இதழின் ஆண்டுச் சிறப்பிதழைச் சந்தாதாரருக்கு வி.பி.யில் அனுப்பிச் சந்தாவை வசூலிக்கும் வழக்கத்தைக் கையாண்டது. பழைய தமிழ் இதழ்களைப் புரட்டியவர்களுக்கும் ‘வி.பி.யில் அனுப்பப்படும்’, ‘தபால் செலவு தனி’ என்ற வரிகள் பழக்கமானவை.

முறை பரவியபோதே அதன் ஓட்டைகளும் வெளிப்பட்டன. பணம் கொடுத்த பின்புதான் பொட்டலத்தைப் பிரிக்க முடியும். உள்ளே இருப்பது விளம்பரத்தில் கண்ட கடிகாரமா, விளையாட்டுப் பொம்மையா என்பது அதன்பிறகே தெரியும். கேட்காதவருக்கும் பொட்டலம் அனுப்பிப் பார்க்கலாம். வீட்டில் இருப்பவர் யாரோ வரவழைத்தது என்று எண்ணிப் பணத்தைக் கொடுத்துவிடுவார். 1898 ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 34, 35 ஆம் பிரிவுகளை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். உண்மையாகவே வந்த ஆர்டரை நிறைவேற்றத்தான் இதனை அனுப்புகிறேன் என்று அனுப்புபவர் உறுதிமொழி தந்தாலன்றி வி.பி.யில் ஏற்கக் கூடாது என விதி செய்யலாம். மோசடி எனில் வசூலித்த பணத்தை நிறுத்தி வைத்துப் பெறுநரிடமே திருப்பித் தர விதி செய்யலாம். சட்டத்தில் ஒரு தடுப்பு விதி எழுதப்பட்டிருந்தால், அது தடுக்கும் செயல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்று கொள்வது வரலாற்று வாசிப்பின் பால பாடம்.

இன்னொரு வாசகம் மேலும் முக்கியமானது. பெறுநரிடமிருந்து தொகை கைக்கு வரும்வரை, அத்தொகை குறித்து அரசுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது என 34 ஆம் பிரிவு வரையறுத்தது. அதாவது அஞ்சலகம் விற்பவரின் முகவர்தான். ஆனால் வாங்குபவர் மனம் மாறினால் விளையும் நட்டத்தில் முகவருக்குப் பங்கில்லை. மறுக்கப்பட்ட பொட்டலம் செலுத்திய அஞ்சல் கட்டணத்தை விழுங்கிவிட்டுத் திரும்பும். இடைப்பட்ட வாரங்களில் சரக்கும் முடங்கியிருக்கும், முதலும் முடங்கியிருக்கும். நூறு பிரதி வி.பி.யில் அனுப்பி முப்பது திரும்பி வந்தால், விற்ற எழுபதின் ஆதாயத்தில் ஒரு பகுதி அந்த முப்பதின் கட்டணத்துக்குப் போய்விடும். முன்பணம் அனுப்பினால்தான் சரக்கு என்று பல விற்பனையாளர் நிபந்தனை வைத்தது இதனால்தான். ஆக, எந்த அவநம்பிக்கையைத் தீர்க்க இம்முறை வந்ததோ அதில் ஒரு பங்கு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. அப்படியும் வணிகர் இதனைக் கைவிடவில்லை. வேறு வழியில் அந்த வாடிக்கையாளரை எட்டவே முடியாது.

அஞ்சலில் அடங்காத எடை இரயிலில் போயிற்று. அங்கே சிறுவணிகரின் பிடி இரயில்வே ரசீது என்னும் தாள். வட இந்தியச் சந்தைகளில் ‘பில்டி’, தமிழகத்தில் ‘ஆர்.ஆர்.’ அதை வைத்திருப்பவரே சரக்கைப் பெறலாம். ஆகவே தாளை வாங்குபவரிடம் நேரே அனுப்பாமல் வங்கி வழியாகவோ வி.பி.யிலோ அனுப்பி, பணம் வந்த பின்பே அது கைமாறுமாறு செய்தனர். சரக்கு ஒரு வழியிலும் அதன் உரிமை மற்றொரு வழியிலும் பயணம் செய்தன. வணிகர் வழக்கத்தில் இருந்த இந்த ஏற்பாட்டைச் சட்டம் பின்தொடர்ந்து வந்து அங்கீகரித்தது. 1916 இல் பிரிவி கவுன்சில் இரயில்வே ரசீதை உரிமை ஆவணமாக ஏற்றது. 1930 ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் அதனைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்தது.

ஆனால் சரக்கே வழியில் தொலைந்தால்? 1890 ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின்கீழ் ‘உடைமையாளர் பொறுப்பு’ என்ற ஏற்பாடு இருந்தது. அனுப்புபவர் அதற்கான படிவத்தில் கையெழுத்திட்டால் கட்டணம் குறையும். இரயில்வேயின் பொறுப்பும் சுருங்கும். ஒவ்வோர் அணாவையும் எண்ணிச் செலவிடும் வணிகர் எந்தக் கட்டணத்தைத் தேர்ந்திருப்பார் என்பதை ஊகிக்கலாம். விருப்பத் தேர்வு என்று தாளில் இருந்தது, குறைந்த முதல் உடையவருக்குத் தேர்வாக இருக்கவில்லை. இரயில்வேயைப் பொதுச் சுமைகாரருக்கு நிகரான பொறுப்புக்கு உட்படுத்திய மாற்றம் 1961 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான் வந்தது. சாலை வழிச் சுமைகாரருக்கோ 1865 ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது.

நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் ஏறத்தாழ 23,000 அஞ்சலகங்கள் இருந்தன; இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். இந்த விரிவின் நடுவே வி.பி.பி. மெல்லத் தேய்ந்தது. லாரி ஆபீசும் தனியார் கூரியரும் சரக்கை எடுத்துக்கொண்டன. 2010 இல் ஃபிளிப்கார்ட், பொருளைப் பெறும்போது பணம் கொடுக்கும் வசதியை அறிமுகப்படுத்தியது. இணைய வணிகம் பற்றிய எழுத்துகளில் அது இந்தியச் சந்தைக்கென்றே கண்டுபிடித்த உத்தியாகப் போற்றப்படுவதைக் காணலாம். தாத்தா காலத்து அஞ்சலகப் படிவத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. சூரத்தில் சேலையோ ஜெய்ப்பூரில் வளையலோ இணையத்தில் விற்கும் சிறுவணிகர் இன்று ‘ஆர்.டி.ஓ.’ என்று குறிப்பிடுவது, வாங்க மறுக்கப்பட்டு அனுப்பிய இடத்துக்கே திரும்பும் பொட்டலத்தைத்தான். அதன் சுமைக்கூலி யார் தலையில் விழும் என்பதை இப்போது சட்டப் பிரிவு சொல்வதில்லை. விற்பனைத் தளத்தின் ஒப்பந்த நிபந்தனை சொல்கிறது.

1898 ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் மாதம் முடிவுக்கு வந்து, 2023 ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சுருக்கமானது. விதிகளால் வகுக்கப்படும் அளவைத் தவிர, தன் சேவைகள் தொடர்பாக அஞ்சலகத்துக்கு வேறு பொறுப்பு இல்லை என்று அதன் 10 ஆம் பிரிவு கூறுகிறது.