துணியில் யார் பெயர்?

காலடிப்பேட்டை என்றதும் ஏதோ மகானின் காலடி பட்ட ஊர் என்று சொல்பவர்களை இன்னும் பார்க்கிறேன். காலடியெல்லாம் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைத் திருவொற்றியூரில் குடியமர்த்தினார். காலெட் பேட்டை, மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இன்று மெட்ரோ நிலையத்துக்கும் அதே பெயர்.

1639இல் கம்பெனி இந்தக் கரைக்கு வந்ததே மலிவான பருத்தித் துணிக்காகத்தான். பிறகு சென்னையைச் சுற்றியிருந்த தறிகளின் கட்டம்போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. நைஜர் டெல்டாவின் கலாபாரி மக்களுக்கு அது சடங்குத் துணி, 'இஞ்சிரி' என்பார்கள். 1958வாக்கில் அமெரிக்காவில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் விற்ற மெட்ராஸ் சட்டை, துவைத்ததும் சாயம் விட்டது. அந்தக் குறையையே 'பிளீடிங் மெட்ராஸ்' என்று பெருமையாக்கி விற்றார்கள்.

கவர்னர் பேர் இருக்கு, ஊர் பேர் இருக்கு, கடை பேரும் இருக்கு. நெய்தவர் பேர் எங்கே?

பாலஸ்தீனத்தின் ஹெப்ரானில் 1961இல் யாசர் ஹிர்பாவி கூஃபியா நெய்யும் ஆலை தொடங்கினார். தொண்ணூறுகளில் மலிவான இறக்குமதி குவிந்து தறிகள் பல நின்றன. ஆக்கிரமிப்புக்கு நடுவிலும் குடும்பம் விடவில்லை. இன்று உலகம் அந்தக் கூஃபியாவை ஹிர்பாவி என்றே பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறது.

பாரம்பரியம் என்று நாம் விற்பது வெறும் கட்டங்களை அல்ல, கைகளை. வடசென்னையில் யாராவது மெட்ராஸ் கட்டத்தில் சின்னதாக ஒரு பிராண்ட் தொடங்கினால் நான் முதலில் லேபிளைத்தான் திருப்பிப் பார்ப்பேன். நெய்தவர் பெயர் அதில் இருக்கணும்.