ஐந்து ரூபாய் தபால்தலையில் சாவித்திரி

2011 பிப்ரவரியில் டெல்லியில் உலக அஞ்சல்தலைக் கண்காட்சி நடந்தது. அந்த வாரம் 13ஆம் தேதி, பழைய கதாநாயகிகள் ஆறு பேருக்கு அஞ்சல் துறை ஒரே நாளில் தபால்தலை வெளியிட்டது. தேவிகா ராணி, கானன் தேவி, மீனா குமாரி, நூதன், லீலா நாயுடு, இவர்களோடு நம்ம சாவித்திரி. விலை ஐந்து ரூபாய்.

நம் மலரில் சினிமா எதற்கு, அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டேங்க் ஃபாக்டரி என்று எழுத எவ்வளவோ இருக்கே என்று சில நண்பர்கள் கேட்கலாம். எனக்கு ஸ்டாம்ப் சேர்க்கும் கிறுக்கு உண்டு. சினிமாக்காரர்களின் ஸ்டாம்ப்களை வருட வாரியாக அடுக்கியபோது ஒரு கணக்கு உறுத்தியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

'பாசமலர்' (1961) அண்ணன் சிவாஜி 2001 ஜூலையில் மறைந்தார். அக்டோபர் 1ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளிலேயே ஸ்டாம்ப் வந்துவிட்டது. ஜெமினி கணேசன் 2005 மார்ச்சில் மறைந்தார், 2006ல் ஸ்டாம்ப். அந்தத் தங்கை, ஜெமினியின் மனைவி சாவித்திரி மறைந்தது 1981 டிசம்பர் 26. ஸ்டாம்ப் வர 29 வருஷம் ஆயிற்று!

நடிகை என்பதால்தான் இந்தத் தாமதம் என்றும் சொல்ல முடியவில்லை. அதே 1981ல், மே மாதம் மறைந்த நர்கிசுக்கு 1993லேயே வந்துவிட்டதே. அவர் ராஜ்யசபா எம்.பி.யாகவும் இருந்தவர். தபால்தலைக்கு யார் வேண்டுமானாலும் கோரிக்கை அனுப்பலாம், அதற்கென்று உள்ள கமிட்டி பரிசீலிக்கும். ஆனால் கேட்பதற்கு ஆள் வேண்டும் இல்லையா? சிவாஜிக்கு ஊர் ஊராக ரசிகர் மன்றம் இருந்தது. சாவித்திரிக்கு மன்றமும் இல்லை, கட்சியும் இல்லை. காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

குண்டூர் மாவட்டம் சிர்ராவூரில் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, நாடகம், டான்ஸ் என்று மேடையேறி மெட்ராஸ் வந்தவர். 'பாதாள பைரவி'யில் (1951) ஒரு நடனத்தோடு சரி. 'தேவதாஸ்' (1953) பார்வதியாக வந்த பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

1955 ஜனவரி நம்ம ஏரியாவுக்கு மறக்க முடியாத மாதம். ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே மாதம் பொங்கலுக்கு வந்தது 'மிஸ்ஸியம்மா'. வேலை கிடைக்காத இரண்டு பட்டதாரிகள், கணவன் மனைவிக்குத்தான் வேலை என்ற விளம்பரத்தைப் பார்த்து, தம்பதி மாதிரி நடித்து வாத்தியார் வேலையில் சேருகிற கதை. படித்துவிட்டு வேலை தேடி அலைந்த நம்ம ஆட்களுக்கு இது சிரிப்புப் படம் மட்டுமில்லை. அந்த மேரி வேடத்துக்கு முதலில் போட்டிருந்தது பானுமதியை. தயாரிப்பாளர் சக்ரபாணியோடு ஒத்துப்போகாமல் அவர் விலக, இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரி முன்னால் வந்தார். அவர் விட்ட இடத்துக்கு ஜமுனா. கோபத்தை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, உள்ளே பயத்தையும் காட்டுகிற பெண்ணாக வருவார். நானே பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன், அலுத்ததில்லை.

ஆனால் என் ஓட்டு 'மாயா பஜா'ருக்குத்தான் (1957). கடோத்கஜன் வத்சலா வடிவம் எடுத்துக் கல்யாண வீட்டுக்குள் புகுந்துவிடுவான். திரையில் இருப்பது சாவித்திரி. உள்ளே இருப்பது எஸ்.வி.ரங்காராவ்! அந்த நடை, தோள் அசைப்பு, புருவத் தூக்கல் எல்லாம் ரங்காராவுடையது. ஆள் வந்தால் சட்டென்று நாணம், ஆள் போனால் அசுரன். இன்றைக்கு கிராஃபிக்ஸில் செய்வதை அந்தம்மா வெறும் முகத்திலும் தோளிலும் செய்து காட்டினார். அதுவும் தெலுங்கு, தமிழ் என்று இரண்டு பாஷையிலும்.

பிற்பாடு டைரக்டரானார். தெலுங்கில் தான் நடித்து வெற்றிபெற்ற 'மூக மனசுலு'வைத் தமிழில் 'பிராப்தம்' (1971) என்று தானே தயாரித்து, இயக்கி, சிவாஜியோடு நடித்தார். படம் ஓடவில்லை. கடன், வரிப் பாக்கி, குடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சொத்தெல்லாம் போயிற்று. 1980 மே மாதம் பெங்களூரில் நினைவிழந்தவர், 19 மாதம் அப்படியே கிடந்து மெட்ராஸில் மறைந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 2018ல் வந்த 'நடிகையர் திலகம்' படம் இதையெல்லாம் இளம் பிள்ளைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கீர்த்தி சுரேஷுக்கு தேசிய விருதும் வாங்கிக் கொடுத்தது.

ஸ்டாம்பில் இன்னொன்றும் கவனியுங்கள். நம் நாட்டு வழக்கப்படி பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. அவர் பேசி நடித்த தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை. நினைவுத் தபால்தலைகளை மறுபடி அச்சடிப்பதும் வழக்கமில்லை. கையில் வைத்திருப்பவர்கள் கடிதத்தில் ஒட்டிவிடாதீர்கள்.

அவர் நடித்த வடபழனி வாகினியில் இப்போது ஷூட்டிங் இல்லை. செட்டுகளெல்லாம் பூந்தமல்லி தாண்டிச் செம்பரம்பாக்கம் பக்கம், நம்ம வாசலுக்கே வந்துவிட்டன. சந்திப்பன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 'மிஸ்ஸியம்மா' போடலாமே என்று விழாக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். ப்ரொஜெக்டர் நான் கொண்டுவருகிறேன்.